எங்கள் முயலுக்கு மூன்றே கால்

'தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்' என்னும் பழமொழியை வகுப்பறையில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறோம். கண்ணெதிரே நான்கு கால் இருக்க மூன்றுதான் என்று சாதிப்பவனின் பிடிவாதத்தைக் குறிப்பது என்று சொல்லி, மாணவர்கள் குறித்துக்கொண்டதும் அடுத்த பழமொழிக்குப் போய்விடுவோம். அந்தப் பழமொழி ஒருநாள் எங்கள் வீட்டுக் கொல்லைக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று அப்போது தெரியாது. நாங்கள் செய்தது அதற்கு நேர்மாறு. மூன்று காலே பயன்பட்ட ஒரு முயல் வீட்டில் இருக்க, எங்கள் முயல்கள் அத்தனைக்கும் நான்கு கால் என்று ஊரை நம்பவைத்தோம்.

'நாங்கள்' என்பது யார் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். திருப்பாதிரிப்புலியூரில், கோயிலிலிருந்து நடந்துபோகும் தொலைவில் குடியிருக்கும் மூவர். ஒருவர் நாள்தோறும் இரயிலில் சிதம்பரம் பக்கம் போய்க் கல்லூரியில் தமிழ் கற்பிக்கிறவர். ஒருவர் அஞ்சலகத்தில் வேலை பார்க்கிறவர். மூன்றாமவர் பள்ளியில் படிக்கும் மகள். பின்வரும் செய்திகளில் எதை யார் செய்தார், எதை யார் சொன்னார் என்று பிரித்து எழுதத் தொடங்கினால் அது குற்றம் யாருடையது என்ற வழக்காக மாறிவிடும். பங்கு போட்டுக் குறைத்துக்கொள்ளும் உத்தேசம் எங்களுக்கு இல்லை. ஆகவே 'நாங்கள்'.

2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து இரண்டு மாதப் பெண் குட்டி ஒன்றை வாங்கி வந்தோம். சோவியத் சிஞ்சில்லா இனம். 1991இல் அந்த நாடே கலைந்துபோன பிறகும் அதன் பெயரைச் சுமந்துகொண்டு தமிழ்நாட்டில் ஒரு முயல் இனம் வாழ்கிறது என்பது எங்களுக்கு வேடிக்கையாக இருந்தது. கொடைக்கானல் மலையில் மன்னவனூர் என்றோர் ஊர். அங்கே மத்திய செம்மறியாடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. செம்மறியாட்டுக்குப் புகழ்பெற்ற அந்த மையத்தில் சோவியத் சிஞ்சில்லா, வெள்ளை ஜெயன்ட் ஆகிய முயல் இனங்களையும் வளர்த்து வருகிறார்கள். தம்மிடமுள்ள முயல்களின் பாட்டன் பாட்டி அந்த மலையிலிருந்து இறங்கியவை என்று பண்ணைக்காரர் சொன்னார். சான்றாக நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் காட்டினார். தாய், தந்தை, பிறந்த தேதி, ஈற்றில் எத்தனை, எடை என்று கட்டம் கட்டமாக எழுதியிருந்தார். கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'குறை'. அந்தக் கட்டம் பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. கல்வெட்டுப் பாடத்தில் மெய்க்கீர்த்தி படித்த எங்களுக்கு அது பெரிதும் பிடித்துப்போயிற்று. மெய்க்கீர்த்திகளிலும் தோற்ற போர்கள் வருவதில்லை.

மகள் அதற்குப் 'பாதிரி' என்று பெயரிட்டாள். தலமரத்தின் பெயர். எதிர்வீட்டுப் பெரியவர் மட்டும், "ஏம்மா, இது பங்குச் சாமியாரா?" என்று ஆறு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார்.

இங்கே ஒரு சொல். நம் பழைய பாட்டுகளில் துள்ளும் முயலும் கூண்டில் வளரும் முயலும் ஒன்றல்ல. நம்முடையது கருங்கழுத்துக் காட்டு முயல். வளை தோண்டாது. புதர் மறைவில் படுத்துக் குட்டி போடும். பிறக்கும்போதே மயிர் போர்த்துக் கண் திறந்திருக்கும். யானையின்மேல் எறிந்து குறி தவறிய வேலை, காட்டு முயலை வீழ்த்திய அம்பினும் உயர்த்திப் பேசுகிறாரே வள்ளுவர், படைச்செருக்கு அதிகாரத்தில், அவர் சொல்வது இந்த முயலைத்தான். கூண்டு முயலோ ஐபீரியத் தீபகற்பத்து வளைமுயலின் வழிவந்தது. அதன் குட்டி மயிரின்றிக் கண்மூடிப் பிறக்கும். பத்து நாள் கழித்துத்தான் உலகத்தைப் பார்க்கும். கி.பி. 600 வாக்கில் பாப்பரசர் கிரெகோரி முயல்குட்டியை மீனாகக் கருதி நோன்பு நாளில் உண்ணலாம் என்று ஆணையிட்டார் என்றும், அதனால்தான் துறவிகள் முயலை வீட்டு விலங்காக்கினார்கள் என்றும் ஒரு கதை புத்தகத்துக்குப் புத்தகம் தொடர்ந்து வந்தது. அப்படி ஓர் ஆணையே இல்லை, வேறொரு கிரெகோரி எழுதிய குறிப்பைப் பாப்பரசர் தலையில் கட்டிவிட்டார்கள் என்று 2018இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். ஒரு புலவர் பாட்டை இன்னொருவர் பெயரில் ஏற்றும் வழக்கம் நம்மோடு நிற்கவில்லை என்பதில் எங்களுக்கு ஓர் அற்ப ஆறுதல்.

மற்றொன்று விரித்தல் நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களுள் ஒன்று. இத்துடன் நிறுத்துகிறோம்.

கடலூரில் முயல் வளர்ப்பது வெயிலோடு நடத்தும் ஒரு பேச்சுவார்த்தை. முயலுக்கு நம்மைப்போல் வியர்த்துத் தணியும் வசதி கிடையாது. காதுகளின் வழியாகவே பெரும்பாலும் வெப்பத்தை வெளியேற்றும். நண்பகலில் அந்தக் காதைத் தொட்டால் உள்ளே ஓடும் குருதியின் சூடு விரலில் தெரியும். கடற்காற்று உள்ளே வரும்வரை ஈரச்சாக்குத் தொங்கவிட வேண்டும். கூண்டுக்குள் நனைத்த ஓடு வைக்க வேண்டும். அக்கினி நட்சத்திர நாட்களில் குளிர்பதனப் பெட்டியில் உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் அதன்மேல் சாய்ந்துகொள்ளும். கம்பிவலைத் தரையிலேயே விட்டால் குதிகால் புண்ணாகும். ஓய்வெடுக்க ஒரு பலகை போட வேண்டும். காலையில் வேலிமசால், மாலையில் அகத்தியும் அருகம்புல்லும், அளவாக அடர்தீவனம். பல் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் கடிக்க ஒரு கட்டை. தன் புழுக்கையில் மென்மையானதை அது தானே உண்ணுவதைக் கண்டு முதல்வாரம் பதறினோம். ஒருமுறை செரித்ததை மறுமுறையும் செரித்துச் சத்தெடுக்கும் இயல்பு அது என்று பிறகு கற்றோம். முன்னோர் உரையையே மீண்டும் மென்று உரை எழுதும் எங்கள் குலத்தொழிலை நினைத்துக்கொண்டோம்.

ஏழெட்டு மாதத்தில் பாதிரி நாலு கிலோவைத் தொட்டது. சிஞ்சில்லாவின் அழகு மேலே தெரியும் சாம்பல் நிறத்தில் இல்லை. மயிரின்மேல் வாயால் ஊதினால் அது ஒரு பூப்போல விரியும். அடியில் நீலம் கலந்த கருமை, நடுவில் முத்து வெண்மை, நுனியில் கருமை என்று வட்டம் வட்டமாக நிறங்கள் தெரியும். வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் ஊதச் சொன்னோம். அவர்களில் ஒருவர்தான் கண்காட்சி நடக்கப்போகும் செய்தியைச் சொன்னார்.

*

2023 ஜனவரியில் கடலூரில் ஒரு திருமண மண்டபத்தில் செல்லப்பிராணிகள் கண்காட்சி. நாய்களுக்கும் புறாக்களுக்கும் பெரிய இடம். மேடைக்குப் பக்கவாட்டில், மணமகள் அறைக்கு வெளியே, முயல்களுக்கு ஒரு மேசை.

ஒருமாதம் ஆயத்தம் செய்தோம். முயலைக் குளிப்பாட்டக் கூடாது. அச்சத்திலும் குளிரிலும் அது உயிரையே விட்டுவிடலாம். ஈரக்கையால் வருடி உதிர்மயிரை எடுக்க வேண்டும். நகம் வெட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மேசைமேல் விரித்த சாக்கில் முன்னங்கால் கண்ணுக்கு நேர்கீழே, பின்னங்கால் தொடையின்கீழ் ஒடுங்க, அசையாமல் உட்காரப் பழக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் தினமும் கால்மணி நேரம் இதுதான் வேலை.

முயல் அழகை அளக்க மேலைநாடுகளில் நூல்களே உண்டு. 1910இல் தோன்றிய அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம் வெளியிடும் நூலின் பெயரே 'முழுமையின் அளவுகோல்' என்று பொருள்படும். உடலமைப்புக்கு இத்தனை, மயிருக்கு இத்தனை, நிறத்துக்கு இத்தனை என்று நூறு மதிப்பெண்ணுக்குப் பங்கீடு. அதோடு விலக்கத்தக்க குறைகளின் பட்டியல் ஒன்று: பல்வரிசை பொருந்தாமை, நகம் இன்மை, காது கிழிந்திருத்தல், கால் வளைந்திருத்தல். இவற்றுள் ஒன்றிருந்தாலும் மற்ற அழகுகள் எண்ணப்படா. அந்நூலில் சோவியத் சிஞ்சில்லா இல்லை. ஆனால் அதன் உறவினங்களான வேறு சிஞ்சில்லாக்கள் உண்டு. எங்கள் நடுவராக வந்தவர் பணி ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவர். அவற்றை ஒட்டித் தாமே ஓர் அளவு வைத்திருந்தார்.

அவர் பார்த்த முறையை மறக்க முடியாது. பாதிரியை மல்லாத்திக் கைமடியில் கிடத்தினார். உதட்டை விலக்கிப் பல் பார்த்தார். முன்னங்காலுக்கு ஐந்தைந்து, பின்னங்காலுக்கு நான்கு நான்கு என்று பதினெட்டு நகங்களையும் தொட்டு எண்ணினார். முதுகெலும்பில் விரலை ஓட்டினார். பின்னங்கால்கள் இரண்டையும் இழுத்துவிட்டு அவை ஒன்றுபோலத் திரும்பி மடங்குகின்றனவா என்று பார்த்தார். கடைசியில் குனிந்து ஊதினார். மயிர் விரிந்தது. "அடடா" என்றார். ஒரு நல்ல பாட்டின் முடிவில் எங்கள் ஆசிரியர் சொல்லும் அதே 'அடடா'. முதல் பரிசாக ஒரு கேடயம் கொடுத்தார்கள். அன்றிரவு அதைத் தொலைக்காட்சிப் பெட்டிமேல் வைத்துவிட்டு மூவரும் வெகுநேரம் தூங்கவில்லை.

மறுவாரமே பண்ருட்டியிலிருந்து ஓர் ஆண்முயலைக் கொண்டுவந்து சேர்த்தோம். அதுவும் அந்த நோட்டின் வம்சம்தான். பெயர் பெற்ற வம்சத்தோடு பெயர் பெற்ற வம்சம் சேர்வது உயர்வு என்று எண்ணினோம். சினைக்காலம் முப்பத்தொரு நாள். இருபத்தெட்டாம் நாள் மரப்பெட்டி வைத்தோம். பாதிரி தன் மார்பு மயிரைத் தானே பிடுங்கிப் பிடுங்கி அதில் நிரப்பியது. நடுவர் ஊதி வியந்த மயிர். மார்ச் முதல் வாரத்தில் ஏழு குட்டிகள்.

மூன்றாம் வாரம் ஆறு குட்டிகள் பெட்டியைத் தாண்டி வெளியே குதித்தன. ஏழாவது வரவில்லை. எடுத்துத் தரையில் விட்டபோது அதன் இடப் பின்னங்கால் உடலின்கீழ் மடங்காமல் படகின் துடுப்பைப்போலப் பக்கவாட்டில் நீண்டது. மூன்று காலால் உந்தியது. நான்காவது பின்னால் இழுபட்டு வந்தது. மகள் கொஞ்சநேரம் பார்த்திருந்துவிட்டு, "இவன் பேரு முக்கால்" என்றாள். மூன்று கால் என்றும் கொள்ளலாம், ஒன்றில் கால் குறைந்தது என்றும் கொள்ளலாம். சிலேடையைப் பாராட்டும் நிலையில் நாங்கள் இல்லை.

அரசு கால்நடை மருத்துவமனையில் காட்டினோம். வழுக்கும் தரையில் வளர்ந்தாலும் இப்படிக் கால் விரியும். பிறவியிலும் வரும் என்றார் மருத்துவர். தரை நன்றாக இருந்து ஒரே பெட்டியில் மற்றவை நன்றாக வளர்ந்திருந்தால் பிறவி என்றே ஐயுற வேண்டும் என்றார். தாயிடமும் தந்தையிடமும் வெளியே தெரியாமல் ஒடுங்கிக் கிடக்கும் பண்பு, இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே குட்டிக்கு வந்து சேரும்போதுதான் வெளிப்படும். அப்படியானால் நல்ல குட்டிகளிலும் சில அதை ஒளித்து வைத்திருக்கலாம். இரு பின்னங்கால்களையும் மென்துணியால் அளவான இடைவெளி விட்டுக் கட்டச் சொன்னார். கீழே தென்னைநார் விரிப்பு போடச் சொன்னார். கட்டினோம். கொஞ்சம் தேறியது, சரியாகவில்லை.

பண்ணைக்காரரிடம் தொலைபேசியில் சொன்னோம். சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "அத வெச்சிக்காதீங்க சார். கழிச்சிடுங்க. வர்றவங்க பாத்தா தாயோட பேரு போயிடும்" என்றார். கழித்தல். கணக்கில் ஒன்றிலிருந்து ஒன்றை எடுப்பதற்கும், குப்பையில் போடுவதற்கும், உயிரை எடுப்பதற்கும் அதே சொல். அதை நாங்கள் செய்யவில்லை. செய்ய முடியாது என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம். அந்த ஒரு மறுப்பிலேயே எங்கள் அறம் முழுவதும் நிறைவேறிவிட்டதாக நினைத்துக்கொண்டதுதான் பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் வித்து.

*

மே மாதத் தொடக்கத்தில் குட்டி வாங்க ஆட்கள் வந்தார்கள். கேடயம் வாங்கிய முயலின் குட்டிகள் என்பதால் விலையும் கூடுதல். அவர்களில் ஒருவர் பரங்கிப்பேட்டைப் பக்கத்து இளைஞர். வெளிநாட்டு வேலையை விட்டு வந்து, பத்துக் கூண்டு போட்டுத் தொழிலாகச் செய்யப் போவதாகச் சொன்னார். 2012இல் ஈமுக் கோழியில் பணம் போட்டு ஏமாந்த உறவினர் அவருக்கு உண்டு. அதனால் ஆசை வார்த்தைகளை நம்பாமல் தாமே நேரில் வந்து பார்த்து வாங்குகிறாராம்.

அவர் வரும் நேரத்துக்குச் சற்று முன்னால் முக்காலைக் கூடையோடு எடுத்து மாடிப்படிக்கு அடியில் வைத்து ஒரு துணியைப் போட்டோம். மகள் கேட்டாள், "அவன ஏன் உள்ள வெக்கிறீங்க?" வெயில் என்றோம். அந்த இடத்துக்கு வெயில் என்றுமே வந்ததில்லை.

வந்தவர் எல்லாவற்றையும் தூக்கிப் பார்த்தார். "குட்டிங்க எல்லாம் சுத்தமா இருக்கில்ல சார்?" என்று கேட்டார். "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்றோம். அந்த விடையில் ஒரு பொய்யும் இல்லை. பார்த்தார், அவர் பார்த்த ஆறும் சுத்தமாகத்தான் இருந்தன. ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடியை மூவாயிரம் ரூபாய்க்கு எடுத்துக்கொண்டு போனார். மற்ற நான்கும் வேறு இரண்டு வீடுகளுக்குப் போயின.

நன்னூல் அடுக்கும் குற்றங்களில் முதலாவது குன்றக் கூறல். சொல்ல வேண்டியதினும் குறைத்துச் சொல்வது. ஆண்டுதோறும் அதைக் கரும்பலகையில் முதல் வரியாக எழுதுகிறோம். மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல் என்று அடுத்தடுத்து வரும் குற்றங்களைவிட அது ஏன் முன்னால் வைக்கப்பட்டது என்று எந்த மாணவரும் கேட்டதில்லை, நாங்களும் யோசித்ததில்லை.

2024 ஜனவரிக் கடைசியில் சிதம்பரத்தில் இன்னொரு கண்காட்சி. பாதிரியைச் சேர்க்கும் படிவத்தில், ஈன்ற குட்டிகளில் குறை ஏதேனும் உண்டா என்று ஒரு வரி இருந்தது. பண்ருட்டி நோட்டின் கடைசிக் கட்டத்தைப் போலவே அந்த இடத்தை வெறுமையாக விட்டோம். எடை, பல், நகம், கால், மயிர் எல்லாம் சென்ற ஆண்டைப்போல. மீண்டும் முதல் பரிசு. கேடயத்தைக் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிருந்தபோது பரங்கிப்பேட்டைக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எங்கள் வெற்றியில் அவருக்கு அத்தனை மகிழ்ச்சி.

"நம்ம தாயி ஜெயிச்சிடுச்சி!" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், ஒரு சந்தேகம். அந்த ஜோடி போன மாசம் ஆறு குட்டி போட்டுச்சி. அதுல ரெண்டுக்குக் கால் விரிஞ்சிக்கிச்சி. எங்க பலகதான் வழுக்குதுன்னு பத்துக் கூண்டுக்கும் அடித்தரைய மாத்திட்டேன். பன்னெண்டாயிரம் ஆச்சி. நீங்க தரைக்கு என்ன போடறீங்க?"

இன்றும் அந்தக் கேள்வியின் முன்னால்தான் நின்றுகொண்டிருக்கிறோம். நீங்கள் தந்த முயல் கெட்டது என்று அவர் கேட்டிருந்தால் ஏதாவது வாதாடியிருப்போம். அவரோ தம்மையே குற்றவாளியாக்கிக்கொண்டு, தம் கைப்பணத்தில் தண்டமும் கட்டிவிட்டு, எங்களிடம் பாடம் கேட்க வந்திருந்தார். உடன்பிறந்த ஜோடி என்று தெரிந்தும் விற்றவர்கள் நாங்கள். ஒடுங்கிய பண்பைப் பற்றி மருத்துவர் சொன்னதைக் கேட்டு வைத்திருந்தவர்களும் நாங்கள்தான். "தென்னைநார் விரிப்பு" என்று சொன்னோம். கேடயத்தை வேறு கைக்கு மாற்றிக்கொண்டோம். அந்த இரண்டு குட்டிகள் என்ன ஆயின என்று மகள்தான் கேட்டாள். "வெச்சிக்கிட்டு என்னம்மா பண்றது" என்றார்.

*

இரயிலுக்கு நேரமிருந்தது. கூடையில் பாதிரி. ஒருவர் கூடையோடு மேலவீதியில் நிற்க, இருவர் மட்டும் கோயிலுக்குள் போய்வருவது என்று முறை வைத்துக்கொண்டோம். சிதம்பரத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கூத்தப்பெருமான் பக்கத்துவீட்டுக்காரர் போல. பார்த்துப் பார்த்துப் பார்ப்பதே இல்லை என்றாகிவிடும். அன்று திருவடியைப் பார்த்தோம். ஊன்றிய வலக்காலின்கீழ் முயலகன்.

ஒவ்வோராண்டும் ஒரு மாணவராவது கேட்பார், முயலகனுக்கும் முயலுக்கும் என்ன தொடர்பு என்று. ஒலி ஒத்திருப்பதால் பொருள் ஒத்திருக்க வேண்டியதில்லை என்று எச்சரிப்போம். வடமொழியில் அவன் பெயர் அபஸ்மாரன். அபஸ்மாரம் என்றால் நினைவிழத்தல். வலிப்பு நோய்க்கும் அதுவே பெயர். தமிழிலும் முயலகன் என்பது நோயின் பெயரும் ஆகும். திருப்பாச்சிலாச்சிராமத்தில் கொல்லிமழவன் மகளைப் பற்றியிருந்த முயலகனைச் சம்பந்தர் பதிகம் பாடி நீக்கினார் என்று பெரியபுராணம் சொல்லும். மறதியை அரக்கனாக்கிக் காலின்கீழ் வைத்தவர்கள் அவனைக் கொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது. கால் எடுத்தால் எழுந்துவிடுவான். ஒன்பது மாதமாக எங்கள் வீட்டில் அவன் சௌகரியமாக எழுந்து உலவிக்கொண்டிருந்தான். மாடிப்படியின்கீழ் ஒரு துணியைப் போட்ட அன்றிலிருந்து.

திரும்பும் இரயிலில் எங்கள் ஊர்க் கதை நினைவுக்கு வந்தது. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்பதுதான் விந்தை. சாபத்தால் முயலாகிப்போன மங்கண முனிவர், பாதிரி மரத்தடியில் சாபம் நீங்கிய தலம் திருப்பாதிரிப்புலியூர். பாடலீசுவரர் பதிகத்தைச் சம்பந்தர் தொடங்குவதே கால் முடங்கிய அந்த முயலுக்கு இறைவன் அருளியதைச் சொல்லித்தான். முயலென்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். முடங்கிய கால் என்று அந்தக் குறையைச் சேர்த்தே சொல்கிறார். குறையைச் சொன்னதால் முயலின் பெயரும் கெடவில்லை, அருளியவர் பெயரும் கெடவில்லை. பல்லாண்டாகப் பாடம் நடத்தும் பதிகம். வீட்டு முயலுக்குத் தலமரத்தின் பெயரையும் வைத்து, அதன் முடங்கிய குட்டியைத் துணிபோட்டு மூடியவர்களுக்கு அது நினைவில் வரவில்லை. படித்தது வேறு, தெரிந்தது வேறு என்று மூத்தவர்கள் சொல்வது இதைத்தான்.

நடுவரின் மேசை பொய் என்று சொல்ல வரவில்லை. அவர் பதினெட்டு நகங்களையும் தொட்டு எண்ணினாரே, அந்தக் கவனம் அன்பின் ஒரு வகை என்றே இப்போதும் நினைக்கிறோம். குறையைக் காணக் கற்றுக்கொடுப்பது கண்காட்சி. கண்ட குறையை என்ன செய்வது என்பது அதன் பாடத்திட்டத்தில் இல்லை. அதை நாம்தான் வீட்டில் படித்துக்கொள்ள வேண்டும். பாதிரி என்னும் முயலில் ஒரு குறையும் இல்லை. நூற்றுக்கு எத்தனை கொடுத்தாலும் தகும். ஆனால் அது வம்சத்தில் ஒரு கண்ணி. கண்ணியின் அழகை மட்டும் எழுதிச் சங்கிலியின் விரிசலை எழுதாத நோட்டு மெய்க்கீர்த்தியாகலாம், வரலாறு ஆகாது.

அடுத்த ஞாயிறு முக்காலையும் கூடையில் எடுத்துக்கொண்டு பரங்கிப்பேட்டைக்குப் போனோம். அவர் வீட்டுத் திண்ணையில் துண்டை விரித்து விட்டோம். அது மூன்று காலால் உந்தி அவர் கால்வரை போயிற்று. யாரும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் சொன்னோம்; துணியைப் போட்டு மூடியது உட்பட.

அவர் கோபப்படவில்லை என்று எழுத ஆசைதான். கோபப்பட்டார். உரக்கப் பேசவில்லை, எங்களைப் பார்க்காமல் முக்காலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அப்பவே சொல்லியிருந்தா ஆண வேற எடத்துல வாங்கியிருப்பேன் சார். படிச்சவங்க. அதும் வாத்தியாரு." மூவாயிரத்தோடு தரைக்கான பன்னிரண்டாயிரத்தையும் வைத்தோம். மூவாயிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். "தர நல்லாத்தான் இருக்கு. வேற குட்டிங்களுக்கு ஆவும்" என்றார். அவர் மனைவி எங்கள் மகளிடம் முக்காலுக்கென்று ஒரு கட்டு அகத்திக்கீரை கொடுத்தார். அவர் பிறகு எங்களோடு பேசவில்லை. தெருவில் பார்த்தால் தலையசைப்பார்.

மற்ற இரண்டு வீடுகளுக்கும் போய்ச் சொன்னோம். பண்ருட்டிக்கும் போனோம். பண்ணைக்காரர் முதலில், "ஊருக்கெல்லாம் போயி சொன்னீங்களா?" என்று அதிர்ந்தார். பிறகு அந்த நாற்பது பக்க நோட்டை எடுத்துவந்து நீண்டநேரம் புரட்டினார். தாம் எழுதாமல் விட்ட இரண்டு ஈற்றுகள் அவருக்கே நினைவுக்கு வந்தன. அந்த ஆண்முயலை இனச்சேர்க்கையிலிருந்து விலக்கினார். பாதிரியின் கட்டத்தில் 'மார்ச் 2023, 7 குட்டி, 1 இடப்பின்கால்' என்று அவர் கையாலேயே எழுதினார். பேனா எழுதவில்லை, உதறி உதறி எழுதினார்.

பாதிரியை அதற்குப்பின் இணை சேர்க்கவில்லை, கண்காட்சிக்கும் அனுப்பவில்லை. ஆண்டுதோறும் அழைப்பு வருகிறது. மேசைமேல் விட்டால் இன்றும் அது தானாகவே முன்னங்கால் கண்ணுக்கு நேர்கீழே வர, பின்னங்கால் ஒடுங்க உட்கார்ந்துகொள்கிறது. யார் ஊதினாலும் மயிர் பூவாக விரிகிறது. ஊதியவர்கள் 'அடடா' என்கிறார்கள்.

முக்காலின் நாள் வேறு மாதிரி. பின்பக்கத்தை அவனால் நக்கித் தூய்மை செய்துகொள்ள முடியாது. காலையில் வெந்நீரில் நனைத்த துணியால் துடைத்து, உலர்த்தி, நார்விரிப்பை மாற்ற வேண்டும். தவறினால் சிறுநீர் பட்டுத் தோல் புண்ணாகிவிடும். மூவரும் முறைவைத்துச் செய்கிறோம். இரயிலைத் தவறவிட்ட நாட்களும் உண்டு. சென்ற வாரம் வகுப்பில் அந்தப் பழமொழி மறுபடி வந்தது. பிடிவாதத்தைக் குறிக்கும் என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் அடுத்ததற்குப் போக முடியவில்லை. ஒரு மாணவி, "ஐயா, ஒருவேளை அவன் புடிச்ச முயலுக்கு நெசமாவே மூணு கால்தான் இருந்திச்சின்னா?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது.

இருந்தால், அப்படியே சொல்ல வேண்டியதுதான் என்றோம்.